ஜனாஸாவுக்கு வாகனம் இருக்கிறது, கிளினிக்குக்கு இல்லை



நீளமான பதிவு இது. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசித்து விடுங்கள், அங்கே ஒரு வேலை இருக்கிறது. 'நாங்கள்' என்று எழுதும் இடத்தில் எங்கள் பாடசாலையில் படிப்பிக்கும் மூன்று டீச்சர்மாரையும் ஒரு சேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 'நாம்' என்று எழுதும் இடத்தில் ஊர் முழுக்க.

ரமழானுக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்றலில் சக்கர நாற்காலி வழங்கும் வைபவம் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பந்தல், பெனர், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. பெனரில் அனுசரணை வழங்கியவரின் முகம் ஆள் உயரம். நாற்காலி வாங்க வந்தவர்களைப் படம் நல்லா விழ வேண்டும் என்று வெயிலுக்குத் திருப்பி வைத்தார்கள். ஒவ்வொரு நாற்காலியையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு கெமராவைப் பார்த்தார்கள். நாமும் பார்த்தோம், பகிர்ந்தோம், 'மாஷா அல்லாஹ்' எழுதினோம். அந்த நாற்காலிகள் வீட்டுக்குப் போனபிறகு என்ன ஆனது என்று ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை.

நாங்கள் போனோம். நல்ல மனிதர்கள் என்பதால் போகவில்லை. தரம் 8இல் படிக்கிற பையன் ஒருவன் கிழமைக்கு இரண்டு நாள் வராமல் இருக்கிறான் என்று கேட்டு வரத்தான் அந்த வீட்டுக்குப் போனோம். முன் விறாந்தையில் அந்தப் புது நாற்காலி மடித்துச் சுவரில் சாய்த்துக் கிடந்தது. அதற்கு மேல் காயப்போட்ட உடுப்பு. பின் அறையில் பாயில் அவனுடைய தங்கச்சி. ஏழு வயது. பெருமூளை வாதம், டாக்டர்மார் 'சீ.பீ.' என்று துண்டில் எழுதுவார்கள். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே இறுகியிருந்தது.

"டீச்சர், அதுல இருத்தினா வழுக்கிக் கீழ போறா. பெரிய ஆக்கள்ற கதிரையெல்லா. ஒருக்கா தலைகுப்புற விழுந்திட்டா. அதோட பயந்து எடுத்து வெச்சிட்டன்."

பெரிய ஆளுக்கான நாற்காலி. அளவு பார்க்கவில்லை. இடுப்பையும் முதுகையும் கழுத்தையும் தாங்குகிற மாதிரி ஏழு வயதுப் பிள்ளைக்கு வேறு விதமான கதிரை வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் பிசியோதெரபிஸ்ட். அந்த ஆளிடம் இந்தப் பிள்ளை கடைசியாகப் போனது மூன்று வயதில்.

ஏன் நிற்பாட்டினீர்கள் என்று கேட்டோம். கேட்ட தொனியில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது, டீச்சர்மாருக்கு வரும் அந்தத் தொனி. அந்த உம்மா கோபப்படாமல் கணக்குச் சொன்னார். ஆட்டோவுக்குப் போக வர 2,500 ரூபா. பஸ்ஸில் போகலாம், ஆனால் இறுகிய காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கொண்டக்டர் முகத்தைச் சுழிப்பான், உட்கார இடம் கிடைக்காது. நம்பர் எடுக்க விடிய ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வாப்பா கூலிக்குப் போகிற ஆள். தூக்கிப் பிடிக்க அவரும் வந்தால் அன்றைய கூலியும் இல்லை. மற்றப் பிள்ளைகள் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் சோறு இல்லை. ஒரு தவணை தவறியது. அடுத்த தவணை போனபோது, ஏன் போன முறை வரவில்லை, பிள்ளையில் அக்கறை இல்லையா என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினார்களாம். எந்த வைத்தியசாலை, யார் ஏசியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஏசினவருக்கும் அன்று காலையில் நூறு நோயாளர் இருந்திருக்கும். வெட்கத்தில் அதோடு நிற்பாட்டியாச்சு.

பிறகு அலுமாரியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, குழந்தை சுகாதார அபிவிருத்திப் பதிவேடு. எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு கடிதம். ஆங்கிலத்தில் கையால் எழுதியது.

"இது பெரிய டாக்டர் தந்த ரிப்போட் டீச்சர். பத்திரமா வெச்சிரிக்கன். ஆராவது கேட்டா காட்ட."

நாங்கள் வாசித்தோம். அது ரிப்போட் இல்லை. பிள்ளையை இன்ன புனர்வாழ்வுப் பிரிவுக்கு அனுப்புகிறோம், இருக்கைக்கும் கால் பிளவுக் கட்டைக்கும் அளவெடுத்து, விழுங்குவதில் உள்ள சிரமத்தையும் பாருங்கள் என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதிய கடிதம். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கடிதம். திகதி நாலு வருடத்துக்கு முந்தியது. மடிப்பில் மை கரைந்து போயிருந்தது. நாலு வருடமாக அந்த உம்மா அதைத் தங்கம் மாதிரிப் பாதுகாத்து வைத்திருக்கிறார், அது என்னவென்று வாசித்துச் சொல்ல ஒரு மனிதர் இல்லாமல்.

இந்த ஊரில் எத்தனை ஆசிரியர்கள்? எத்தனை பட்டதாரிகள்? அந்தப் பிள்ளையின் மூத்த காக்கா எங்களிடம் படித்து ஓ.எல். எழுதி வெளியேறிய பையன். இளையவன் இப்போதும் எங்கள் வகுப்பில். அவனுடைய வரவு இடாப்பில் சிவப்புக் கோடு போட்டோம். வராத இரண்டு நாளும் உம்மா வெளியே போக, அவன் வீட்டில் நின்று தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறான் என்று கேட்டறியவில்லை. ஆகவே இந்தப் பதிவில் ஊரைத் திட்டும்போது எங்களைத்தான் முதலில் திட்டுகிறோம்.

இன்னும் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். தரம் 3இல் ஒரு பையனை இரண்டு வருடமாகப் பின்வாங்கில் வைத்திருந்தோம். 'மக்கு' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான், சொல்வதெழுதலில் பூச்சியம். அடியும் வாங்கியிருக்கிறான். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவர்கள் காது வடிகிறது, செவிப்புலன் பார்க்க வேண்டும் என்று துண்டு கொடுத்தார்கள். அந்தத் துண்டு புத்தகப் பைக்குள் கசங்கி மாதக்கணக்கில் கிடந்தது. அவனுக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காத பிள்ளையைக் கேட்கவில்லை என்பதற்காக அடித்திருக்கிறோம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அவனும் மன்னிக்க வேண்டும்.

இனி ஊருக்கு வருவோம்.

நாட்டில் ஒன்றுமே இல்லை, அரசாங்கம் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லித் தப்புவது லேசு. செய்யாதது நிறைய. ஆனால் இருப்பதை எண்ணிப் பாருங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. பெரிய வைத்தியசாலைகளில் பிசியோதெரபி இருக்கிறது, சிலவற்றில் பேச்சுச் சிகிச்சையும், கையால் சாப்பிட, உடுக்க, எழுதப் பழக்குகிற ஒக்குபேஷனல் தெரபியும் இருக்கிறது. ராகமையில் புனர்வாழ்வுக்கென்றே தனி வைத்தியசாலை இருக்கிறது. கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கிற ஜெய்ப்பூர் நிலையம் யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தர் இருக்கிறார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகவே போட்டது. ஐ.நா. சமவாயத்தை நாடு 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2025இல் மாதாந்தக் கொடுப்பனவை 10,000 ரூபாவாகக் கூட்டினார்கள்.

இத்தனையும் ஒரு பக்கம். மறுபக்கத்தில் அந்தப் பின் அறையும் பாயும். நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் இல்லை, விடிய ஐந்தரைக்கு வாசலில் நிற்க வாகனம் இல்லை, வரிசையில் பிள்ளையை மாறித் தூக்க ஒரு கை இல்லை. சிங்களம் மட்டும் தெரிந்த டாக்டருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த உம்மாவுக்கும் நடுவில் நின்று பேச ஒருத்தர் இல்லை, அடுத்த தவணையை ஞாபகப்படுத்த ஒரு டெலிபோன் கோல் இல்லை. இதெல்லாம் கோடிக்கணக்கில் காசு தேவைப்படும் காரியமா? இது அமைச்சரவைப் பத்திரம் போட்டுத்தான் செய்ய வேண்டுமா?

2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானவர்களுக்கு ஏதோ ஒரு இயலாமை இருப்பதாகப் பதிந்தார்கள். பார்வை, கேட்டல், நடை, ஞாபகம், தன்னைத் தானே கவனித்தல், பேச்சு எல்லாம் சேர்த்து. நம் மஹல்லாவில் ஆயிரம் பேர் என்று வையுங்கள், எண்பது பேருக்கு மேல் வரும். ஜும்ஆவில் எத்தனை பேரைக் காண்கிறோம்? மிச்சப் பேர் எங்கே? வீட்டில் இருக்கிறார்கள். நாம் அழைக்கும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தோம். அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், விசேட தேவையுடையோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளி. பெயர் நல்லாத்தான் இருக்கிறது.

நோய் விசாரிப்பதில் நம்மை அடிக்க ஆள் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு மேசன் இருந்தார், ஐம்பத்திரண்டு வயது. ஒரு சுபஹுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்து, வலக் கை தூக்க முடியாமல் போய்விட்டது. பாரிசவாதம். கொழும்பில் இருக்கும் மச்சானிடம் கேட்டு, சாச்சாவிடம் கேட்டு, ஓதித் தண்ணீர் கொடுத்து, வைத்தியசாலைக்குப் போகும்போது பகல் பதினொரு மணி. மூளையில் இரத்தக் கட்டி அடைத்தால் அதைக் கரைக்கிற ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதுவும் சீ.டி. ஸ்கேன் எடுத்த பிறகு. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அன்று யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. சரி, அது பதற்றத்தில் நடந்தது, அதைச் சொல்லிக் காட்டுவது நியாயமில்லை.

நியாயமில்லாதது பிறகு நடந்ததுதான். டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து ஊர் திரண்டு போனது. பிஸ்கட் பக்கெட், நெஸ்டமோல்ட், அப்பிள். முதல் பத்து நாளில் நூறு பேருக்குக் குறையாமல் போயிருப்போம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண்ணெய் சொன்னோம். மரியாதைக்காக அவரை எழுப்பி இருத்த, இயலாத கையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினோம். அந்தத் தோள் மூட்டுக் கழன்று போகும் என்பது நமக்குத் தெரியாது. கிளினிக் அட்டையில் பிசியோதெரபி, கிழமைக்கு இரண்டு நாள் என்று எழுதியிருந்தது. கை கால் திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் சில மாதத்தில்தான். நூறு பேரில் ஒருத்தர் செவ்வாய்க்கிழமை எங்கட வாகனத்தில் கூட்டிப் போகிறோம் என்று சொல்லவில்லை. இன்று அந்த மனிதரின் கை நெஞ்சோடு மடிந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடக்கிறது. நகம் வெட்ட முடியாமல் உள்ளங்கை புண். இந்த ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் கட்டிய கை அது.

இப்போது தலைப்புக்கு வருகிறோம். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நம் ஊரில் ஒரு மவுத் நடந்தால் அரை மணித்தியாலத்தில் ஜனாஸா வாகனம் வாசலில் நிற்கும். நடுச்சாமம் என்றாலும் நிற்கும். டிரைவர் காசு கேட்க மாட்டார். குளிப்பாட்ட ஆள், கபன் துணி, கபுறு வெட்ட இளைஞர்கள், கதிரை, பந்தல் எல்லாம் தானாக வரும். யார் போவது, யார் காசு போடுவது என்று எவரும் வாக்குவாதப்படுவதில்லை. கொழும்பில் மவுத்தானாலும் இரவோடு இரவாகக் கொண்டு வந்து விடுவோம். இது நம் சமூகத்தின் அழகு. அல்ஹம்துலில்லாஹ். இதை எங்கும் பெருமையாகச் சொல்வோம்.

அதே ஊரில் உயிரோடு இருக்கும் பிள்ளையைப் பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் இல்லை. மவுத்தான பிறகு நாற்பது பேர் தோள் கொடுக்கிறோம். உயிரோடு இருக்கையில் பஸ்ஸில் ஏற்றி விட இரண்டு பேர் இல்லை. ஃபர்ளு கிஃபாயா என்றால் ஊரில் சிலராவது செய்தாக வேண்டும், ஒருத்தரும் செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம் என்று நாமே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். உதாரணம் கேட்டால் பிள்ளைகள் ஜனாஸாத் தொழுகையைச் சொல்வார்கள். வேறு உதாரணம் நாம் காட்டினதில்லை, அவர்கள் என்ன செய்வார்கள்.

'இது அல்லாஹ்வின் சோதனை, பொறுமையாக இருக்க வேண்டும்' என்று அந்த உம்மாவிடம் சொல்லாத ஆள் இல்லை. சொல்கிறவர்களின் சீனி கூடினால் அன்றைக்கே செனல் பண்ணி மூவாயிரம் கொடுத்து விசேட வைத்திய நிபுணரைப் பார்க்கிறார்கள். தமக்கு வந்தால் சிகிச்சை, அடுத்த வீட்டுக்கு வந்தால் பொறுமை. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம்தான் நம்முடையது, அதில் மௌலவிமாருக்குள் கருத்து வேறுபாடு இருப்பதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

ஓதிப் பார்ப்பதைக் குறை சொல்ல வரவில்லை. துஆ நம் ஈமானின் பகுதி. ஆனால் வலிப்பு வருகிற பிள்ளைக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்லி மருந்தை நிற்பாட்டச் சொன்ன ஆளையும் நாம் ஊரில் வைத்திருக்கிறோம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிற்பாட்டினால் உயிருக்கே ஆபத்து. ஓதுங்கள், குளிசையையும் கொடுங்கள்.

பெண்பிள்ளை என்றால் இன்னொரு பூட்டு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேச வருகிற அன்று ராத்தாவைப் பின் அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிற வீடுகள் நமக்குத் தெரியும். வந்தவர்கள் கண்டால் பரம்பரையில் இருக்கிறது என்று எழும்பிப் போய்விடுவார்களாம். போயும் இருக்கிறார்கள், அதுதான் வெட்கம். உம்மா வீட்டார் மட்டும் குற்றவாளிகள் இல்லை, எழும்பிப் போகிற நாமும்தான். கிளினிக் அட்டை இருந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அட்டையே போடாமல் வளர்ந்த ஒரு பெண்பிள்ளையை இந்த மூன்று மாதத்தில் கண்டோம். இருபத்தொரு வயது. காதுக் கருவி போட்டிருந்தால் பேசியிருக்கக் கூடும். ஆரம்ப வருடங்களில் காதில் சத்தம் விழாவிட்டால் பேச்சு வருவது மிகக் கஷ்டம்.

ஆண் பிசியோதெரபிஸ்ட் தொடுவார் என்று அனுப்பாத வீடும் உண்டு. அந்தக் கூச்சம் எங்களுக்கும் புரிகிறது. பெண் உத்தியோகத்தர் இருக்கிற நாளைக் கேட்டு அன்று போகலாம், உம்மாவோ ராத்தாவோ கூட நிற்கலாம், பயிற்சியை அவர்களே பழகி வந்து வீட்டில் செய்யலாம். இதைச் சொல்லிக் கொடுக்கவும் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

'அது அரசாங்கத்தின் வேலை' என்பவர்களுக்கு: ஆம், அரசாங்கத்தின் வேலைதான். கிழமைக்கு ஒரு நாளாவது பிரதேச வைத்தியசாலைக்கு பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும் என்று கேளுங்கள், நாங்களும் கையெழுத்து வைக்கிறோம். தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கொங்கிரீட் வீதி கேட்பதுபோல் இதையும் கேளுங்கள். அதுவரைக்கும் பிள்ளையின் கால் இறுகாமல் காத்துக்கொண்டிருக்குமா?

உமையா கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் செய்த ஒரு காரியத்தைத் தபரி போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தொழுநோயாளிகளுக்கு, மக்களிடம் கையேந்தக் கூடாதென்று உதவித்தொகை ஏற்படுத்தினார். நடக்க இயலாதவருக்கு ஒரு பணியாளையும் பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியையும் நியமித்தார். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திய கதை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, காசு மட்டும் போதாது, கூடப் போக ஒரு ஆள் வேண்டும் என்று. அதற்கும் முந்தி, பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் விடயத்தில்தான் அபஸ அத்தியாயமே இறங்கியது. ஊர்ப் பெரிய மனிதர்களுடன் பேச்சில் இருக்கும்போது வந்த பார்வையற்ற ஒருவரைக் கவனிக்காமல் விடுவதைப் பற்றி. நம் வைபவ மேடைகளில் முன்வரிசைக் கதிரை யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஸஹாபியைப் பாங்கு சொல்லவும், மதீனாவின் பொறுப்பைப் பார்க்கவும் வைத்தார்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள்.

நம் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது இருக்கட்டும், உள்ளே வரவே வழியில்லை. புதுப் படிக்கட்டுக்கு மாபிள் பதித்தோம். ஐந்து படி. வுழூ எடுக்கும் இடத்தில் இன்னும் இரண்டு. பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் வந்து போக வசதி இருக்க வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். நாம் ஒரு இடத்தில் கட்டினோம், மோட்டார் சைக்கிள் முதல் கியரில்தான் ஏறும். நாற்காலியில் வருகிறவர் பின்பக்கமாக ஆற்றில் விழுவது மாதிரி விழுவார். கட்டியவர்களைச் சிரிக்கவில்லை, ஒரு முறை நாற்காலியில் இருந்து ஏறிப் பார்க்கச் சொல்கிறோம்.

ஸகாத் பற்றி ஒரு வேண்டுகோள். வறியவருக்கும் மிஸ்கீனுக்கும் ஸகாத் சேரும் என்பதில் சந்தேகமில்லை. இந்த வீடுகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். வருடத்துக்கு ஒருமுறை ஐயாயிரமும் அரிசிப் பையும் கொடுக்கிறோம். அதே வீட்டுக்கு ஒரு வருடத்துக் கிளினிக் பயணச் செலவைக் கொடுத்தால் என்ன? மாதம் இரண்டு தவணை, தவணைக்கு 2,500, வருடத்துக்கு 60,000 ரூபா. ஒரு நாற்காலி வைபவத்தின் பந்தலுக்கும் பெனருக்கும் சாப்பாட்டுக்கும் ஆன காசில் இரண்டு வீட்டுக்காவது போயிருக்கும். எப்படிக் கொடுப்பது கூடும், கூடாது என்பதை மௌலவிமார் சொல்லட்டும், நாங்கள் ஃபத்வா சொல்ல வரவில்லை. கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

அந்தப் பிள்ளையின் கதை என்னவானது என்று கேட்பீர்கள். பழைய கடிதம் செல்லாது, புதிதாக எடுக்க ஒரு நாள். அளவெடுக்க ஒரு நாள். எங்களில் ஒரு டீச்சர் லீவு போட்டுக் கூடப் போனார், மற்றவர்கள் அவருடைய பாடவேளைகளை எடுத்தோம், அதிபர் முகத்தைச் சுழித்தாலும் விட்டார். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் தங்கமான பிள்ளை. இத்தனை வருடம் எங்கே போனீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலை எப்படி மெதுவாக விரிப்பது, தொடைக்கு நடுவில் துவாயை எப்படிச் சுருட்டி வைப்பது என்று உம்மாவின் கையைப் பிடித்துக் காட்டினார். சோறு ஊட்டும்போது படுக்க வைத்து ஊட்டக் கூடாது, தலை பின்னுக்குச் சாயாமல் நிமிர்த்தி வைத்து ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும் என்றார். உம்மா அப்படியே அழுதுவிட்டார். வருடத்துக்கு மூன்று நாலு முறை அந்தப் பிள்ளை நெஞ்சுச் சளியோடு வார்ட்டில் கிடந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

பிள்ளை எழும்பி நடக்கப் போவதில்லை. அப்படி யாரும் வாக்குத் தரவில்லை. கால் இறுக்கத்தில் ஒரு பகுதி இனிச் சத்திரசிகிச்சையால்தான், மூன்று வயதிலிருந்து பார்த்திருந்தால் தேவைப்படாமலே போயிருக்கலாம். இப்போது ஊர்த் தச்சர் ஒருவர், தெரபிஸ்ட் கீறிக் கொடுத்த அளவுக்கு, மூலைக் கதிரை ஒன்று செய்து தந்திருக்கிறார். பலகைக்குக் காசு வாங்கினார், கூலி வாங்கவில்லை. அசர் நேரத்தில் விறாந்தையில் அதில் இருத்தி விடுகிறார்கள். வீதியால் போகிற ஐஸ்கிறீம் வாகனத்தின் பாட்டுக்குச் சிரிக்கிறா. அந்தப் பெரிய நாற்காலியை அளவு சரியாக இருந்த வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று.

இந்த மூன்று மாதத்தில் நாங்கள் நாலு பேரும் ஏறி இறங்கியது முப்பத்தேழு வீடு. பதினொரு வீட்டில் வாசிக்கப்படாத துண்டோ கடிதமோ இருந்தது. இதற்கு மேல் எங்களால் தனியே முடியாது. அரையாண்டுப் பரீட்சை வருகிறது.

ஆகவே இதுதான் வேலை. பள்ளிவாசல் நிருவாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம்: ஜனாஸா வாகனத்துக்குச் செய்த மாதிரி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் காலை 5.30க்கு ஒரு வேன். பதில் வரும்வரை வேன் வைத்திருக்கிறவர்கள் மாதத்தில் ஒரு நாள் தந்தால் போதும், டீசல் காசு சேர்த்து விட்டோம். கூட வர பெண்கள் வேண்டும், குறிப்பாகச் சிங்களம் தெரிந்தவர்கள். ஏ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகள் வந்தால் இன்னும் நல்லது. விளையாட்டுக் கழகத் தம்பிமாரே, தூக்கி இறக்க ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பேர். உங்கள் வீட்டில் இப்படி ஒரு கடிதம் மடித்துக் கிடந்தால் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, பிள்ளையின் கையில் பாடசாலைக்குக் கொடுத்து விடுங்கள், வாசித்துச் சொல்கிறோம். வரும் செவ்வாய் போக ஆறு பேர் இருக்கிறார்கள். வேன் இன்னும் இல்லை.